எல்லாம் சரி

மூன்று வருடம் எல்லோருக்கும் ஒரே பாடம்தான் நடத்தினேன்.
திங்கள் கயிறு, செவ்வாய் பாறை, புதன் ஏரி.
வியாழன் இரவு நெருப்பைச் சுற்றி உட்காரவைத்து
என்ன கற்றீர்கள் என்று கேட்டால்
கூட்டு முயற்சி என்பார்கள்
பன்னிரண்டு மழைக்கோட்டுகளுக்குள்ளிருந்தும்.
வங்கியிலிருந்து வந்தவர்களும் அதையே சொன்னார்கள்,
பேருந்துப் பணிமனையிலிருந்து வந்தவர்களும்.

இந்த முறை பால் தொழிற்சாலைப் பழகுநர்கள்.
அவர்கள் மலைக்கு வருமுன் நான் அங்கே போனேன்.
இரவு ஷிப்ட். தலைக்கு வலை, காதுக்கு அடைப்பான்,
என் அளவுக்கு மீறிய வெள்ளை பூட்ஸ்.
யாரும் யாரோடும் பேசவில்லை, பேசினாலும் கேட்காது.
இரண்டு விரல் என்றால் நீராவி,
முஷ்டி என்றால் நிறுத்து.

"இதுகளுக்கு தைரியம் ஊட்டிவிடாதே"
என்றாள் ஷிப்ட் பொறுப்பாளர் ஆங்கராட்.
"ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறது.
அந்த மேசையைப் பார்."
மேசையில் தடித்த நோட்டு, நூலில் கட்டிய பேனா.
காலை ஆறு மணிக்கு ஒரு ஷிப்ட் விட்டுப்போவதை
அடுத்த ஷிப்ட் எடுத்துக்கொள்ளும் இடம்.
புரட்டினேன். வெல்ஷில் பாதி, ஆங்கிலத்தில் பாதி.
எல்லாம் சரி.
எல்லாம் சரி.
எல்லாம் சரி, மழை.
எல்லாம் சரி.
பிப்ரவரியில் ஒரு பக்கம் கிழிந்திருந்தது.
அந்த வாரம் பதினோராயிரம் லிட்டர் பால்
சாக்கடைக்குப் போனதாம்.
ஒரு வால்வு, அரைத் திருகு.
அதை அறிந்தவன் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தான்.

திரும்பி வந்து அட்டவணையிலிருந்து பாறையை அடித்தேன்.
நெருப்பையும்.
"பாறை இல்லாமல் மலைப் பயிற்சியா?
சிற்றேட்டில் படம் போட்டிருக்கிறோமே" என்றார் மேலாளர்.

புதன்கிழமை. பீப்பாய், மரக்கழி, கயிறு.
ஆறு பேர் தெப்பம் கட்டத் தொடங்குவார்கள்.
பாதியில் மணி அடிப்பேன்.
அவர்கள் குன்றுக்கு அந்தப் பக்கம் போய்த் தேநீர் குடிக்க வேண்டும்.
மற்ற ஆறு பேர் வந்து கட்டி முடித்து
அதிலேயே ஏறித் தீவுக்குப் போக வேண்டும்.
நடுவே ஒரு நோட்டு, நூலில் கட்டிய பேனா,
நான்கு நிமிடம்.

எழுதியவன் இயெஸ்டின்.
கடைசி முடிச்சும் அவனுடையதுதான்.
விரல் விறைத்துப்போய் ஒரு சுற்றோடு விட்டுவிட்டான்.
பார்த்தேன், சொல்லவில்லை.
என் சம்பளத்தில் பாதி
இப்படிச் சொல்லாமல் இருப்பதற்கு.
நோட்டில் இரண்டே சொல்.

எழுபது மீட்டர் வரை அது தெப்பமாக இருந்தது.
பிறகு பீப்பாய்களும் பிள்ளைகளும்.
மீட்புப் படகில் போய் ஆறு பேரையும் அள்ளினேன்.
மாரெட்டின் ஒரு ஷூ மட்டும் இன்னும் ஏரிக்கடியில்.

கரையில் ஒரே கூச்சலாக இருக்கும் என்று நினைத்தேன்.
மாரெட் நீர் சொட்டச் சொட்ட வந்து
நோட்டை இயெஸ்டின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.
வாசி.
வாசித்தான்.
ஒருத்தி சிரித்தாள், பிறகு அவளும் சிரிக்கவில்லை.
தலையைத் துவட்டியபடி டெகிட் சொன்னான்:
"பிப்ரவரியில் அது நான்."

என் திட்டத்தில் அது இல்லை.
விவாதம், இருபது நிமிடம் என்று போட்டிருந்தேன்,
கேள்விகள்கூட எழுதிவைத்திருந்தேன்.
தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன்.
மழை பிடித்துக்கொண்டது. யாரும் எழுந்திருக்கவில்லை.

மதியம் மறுபடி கட்டினார்கள்.
நான்கு நிமிடம் போதாதென்று சண்டையிட்டு ஏழு வாங்கினார்கள்.
நோட்டில் ஒன்றரைப் பக்கம், ஏகப்பட்ட எழுத்துப்பிழை.
இடது பின் பீப்பாய், உள்முடிச்சு,
எனக்குப் பிடிக்கவில்லை,
ஏனென்று தெரியவில்லை,
ஏறுமுன் தொட்டுப் பாருங்கள்.

தீவை அவர்கள் எட்டவில்லை.
பாதி வழியில் எதிர்க்காற்று, திரும்பிவிட்டார்கள்,
காய்ந்த தலையோடு.

மே மாதம் மதிப்பீட்டுப் படிவம் வந்தது.
திருப்தி: ஐந்துக்கு மூன்று.
பாறையேற்றம் இருந்திருக்கலாம்.
அடியில் வேறு மையில், ஆங்கராட்:
பேனா இரண்டு முறை தீர்ந்துவிட்டது.

அடுத்து லிஃப்ட் பழுது பார்க்கும் பிள்ளைகள் வருகிறார்கள்.
அவர்களுக்கு எதைக் கொடுப்பதென்று
இன்னும் தெரியவில்லை.
நாளை லிவர்பூலில், பதினான்கு மாடி,
ஒரு லிஃப்ட் குழிக்குள் இறங்குகிறேன்.