வழக்கமாக

கிரிம்ஸ்பி, துறைமுகச் சாலை, இரண்டாம் மாடி.
ஜன்னலைத் திறந்தால் மீன் வாடை,
மூடினால் பழைய தரைவிரிப்பின் வாடை.
நான் குறிப்பெடுப்பவள்.
யார் எதைச் சொன்னாலும் சொன்னபடி எழுதுவது என் வேலை.
யாராவது அழுதால் மட்டும்
"சிறிது இடைவேளை" என்று எழுதுவேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் யூர்கிதா.
லிதுவேனியாக்காரி.
காட் மீன் தோலுரிக்கும் இயந்திரத்தில் ஆறு வருடம்.
இடது கையில் இப்போது மூன்று விரல்.

வேலைக்கு வந்த புதிதில்
விண்ணப்பத்தில் ஒரு வரி எழுதினாளாம்:
ஐ வொர்க் ஹார்ட்லி.
கடுமையாக உழைப்பேன் என்று சொல்ல வந்தவள்
உழைப்பதே அபூர்வம் என்று கையெழுத்திட்டுவிட்டாள்.
நகலெடுத்துத் தேநீர் அறையில் ஒட்டினார்கள்.
கெட்டில் ஆவி பட்டுச் சுருண்டு
தானாக விழும்வரை அது அங்கேயே இருந்தது.

அதன்பின் செவ்வாய்தோறும் நூலகத்தில் இரவு வகுப்பு.
வினைச்சொல்லை ஒட்டி நிற்கும் சின்னச் சொற்களை,
மீன் முள் பொறுக்குவதுபோல, ஒவ்வொன்றாக எடுத்தாள்.
ஸ்லோவுக்கு வால் முளைக்கும்,
ஃபாஸ்டுக்கு முளைக்காது.
லேட் என்றால் தாமதம்;
லேட்லி தாமதமாக வருவதே இல்லை, அது அண்மையில்.
ஃப்ரெண்ட்லிக்கு வால் இருக்கிறது,
ஆனாலும் அது இந்த இனமில்லை.
மேற்பார்வையாளர் ப்ராட்லியும் அப்படித்தான் என்று
எனக்குத் தோன்றியது. குறிப்பில் இது இல்லை.

கம்பெனி அறிக்கை ஒன்றரைப் பக்கம்.
"ஊழியர் கவனக்குறைவாகக் கையை உள்ளே விட்டார்."
யூர்கிதா அதில் ஒரே ஒரு சொல்லை வட்டமிட்டாள்.
கேர்லெஸ்லி.

"கை உள்ளே போனது. கேமரா பார்த்திருக்கிறது.
இந்தச் சொல்லைப் பார்த்தது எந்தக் கேமரா?"

ஒருவர் சர்க்கரைப் பொட்டலத்தைக் கிழித்தார்.
காபியில் போடவில்லை.

இயந்திரத்தின் வாயை அடைக்காதவர்கள்
அவள் வினைக்கு மட்டும்
ஓர் அடை தேடிக் கொடுத்திருந்தார்கள்.

பிறகு ப்ராட்லியைக் கேட்டார்கள்:
பாதுகாப்பு மூடி அன்று மூடியிருந்ததா?

"யூஷுவலி," என்றார் சிரித்தபடி,
"வழக்கமாக மூடித்தான் இருக்கும்."

எழுதிக்கொண்டேன்.
அவ்வளவு மெல்லிய சொல்; பேனாவுக்கே கனக்கவில்லை.

யூர்கிதா கைப்பையைத் துழாவினாள்.
ஒரு கைக்குட்டை, பேருந்துச் சீட்டு, இருமல் மிட்டாய்,
கடைசியாக நான்காய் மடித்த தாள்.
அதில் ஓர் ஏணி.
உச்சிப் படியில் ஆல்வேஸ், பக்கத்தில் நூறு.
அடிப்படியில் நெவர், பக்கத்தில் சைபர்.
யூஷுவலியின் பக்கத்தில்
பென்சிலில், அழித்து எழுதிய எண்பது.

"எண்பது உங்களுடையது, மிஸ்டர் ப்ராட்லி.
நான் மிச்ச இருபதில் நின்றுகொண்டிருந்தேன்."

தலைமை வகித்த திருமதி ஹாலம் கண்ணாடியைக் கழற்றினார்.
"அவர் சொன்னதைத் திரும்ப வாசியுங்கள்."
வாசித்தேன்.
"நான் ஆல்வேஸ் என்றுதான் சொல்ல வந்தேன்,"
என்றார் ப்ராட்லி.
"குறிப்பில் யூஷுவலி என்றே இருக்கிறது," என்றேன்.
பதினோரு வருடத்தில்
யாரும் கேட்காமல் நான் வாய் திறந்தது
அன்றுதான்.

முடிவு மூன்று வாரத்தில் தபாலில் வரும்.
என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது;
ஒருவேளை, அநேகமாக, ஒருபோதும்
எல்லாமே அந்த உறைக்குள் கொள்ளும் அளவுதான்.

படியிறங்கும்போது யூர்கிதா நின்றாள்.
மூன்று விரல் கையால் என் நோட்டைத் தொட்டு,
"யூ ரைட் ஃபாஸ்ட்," என்றாள்.
இரண்டு படி இறங்கியவள்
திரும்பிப் பார்த்துச் சொன்னாள்:
"வால் இல்லை. சரிதானே?"

சரி என்றேன்.
வெளியே மழை, வழக்கமாக.