முப்பத்தொரு குறட்டைகள்

ஜனவரி. எங்கள் ஊரில் அதுதான் கோடை.
பள்ளி மூடி இருபத்திரண்டு நாள்.
நகராட்சி நீச்சல்குளத்தில் தண்ணீர் இல்லை.
அடியில் ஒரு பச்சைச் செருப்பு கிடக்கிறது,
ஒற்றை.
தினமும் போய் அது இருக்கிறதா என்று பார்த்தேன்.
இருந்தது.

கோர்தோபாவிலிருந்து அத்தை பட்டியல் அனுப்பியிருந்தாள்,
கூடவே பூப்போட்ட அட்டையில் ஒரு நாட்குறிப்பும்:
தையல் பழகு, இலைகளைக் காயவைத்து ஒட்டு,
தினம் ஒரு புதுச் சொல் எழுது.
முதல் நாள் எழுதினேன்: சலிப்பு.
இரண்டாம் நாளும் அதுவே புதிதாகத்தான் இருந்தது.

மதியம் ஒரு மணிக்கு ஊர் அடங்கும்.
கடைகள் தகரக் கதவை இறக்கும்.
நாய்கள் லாரிக்கு அடியில் போய்
நிழலோடு நிழலாகிவிடும்.
கருவேல மரத்தில் சிள்வண்டுகள் மட்டும்
காய்களைக் கத்திக் கத்தியே பழுக்க வைக்கும்.
ஐந்து மணி வரை பந்து தட்டக் கூடாது,
பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது,
கதவை அறைந்து சாத்தினால் கொலைக்குற்றம்.
சின்னப் பிள்ளைகளுக்கு இந்த நேரத்துக்கென்றே ஒரு பேய் உண்டு,
வெயிலில் திரிகிறவர்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு போகுமாம்.
பதினைந்து வயதானவளுக்குப்
பேயும் வருவதில்லை.

நாற்பத்து மூன்று டிகிரி.
மருந்துக்கடை எவரிஸ்தோவின் சன்னலைக் கடக்கும்போது கேட்டேன்,
கிளம்ப மறுக்கும் டிராக்டரை.
இழுக்கிறது, இருமுகிறது, இதோ கிளம்பப் போகிறது,
இல்லை.
சிரிப்பை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு
கீறல் விழுந்த போனைச் சன்னல் விளிம்பில் வைத்தேன்.
ஒரு நிமிடம் நாற்பது வினாடி.
அத்தையின் நாட்குறிப்புக்கு வேலை வந்தது.

அதற்கப்புறம் எனக்கு நேரம் போதவில்லை.

பேக்கரி ஓல்காவுடையது மூடி துள்ளும் பானை.
காவல் நிலையத்தில் இருவர்,
ஒருவர் கேட்க மற்றவர் மழுப்பினார்,
விசாரணைதான் போல.
கால்பந்துச் சங்கத் தலைவர்
தூக்கத்திலும் யாரையோ வெளியே அனுப்பினார்.
பாதிரியார் மூச்சையே நிறுத்திவிடுகிறார்.
பதினொன்று எண்ணுவதற்குள் நான் பாதி செத்தேன்.
பிறகு ஒரு சீட்டியடித்து உயிர்த்தெழுந்தார்.

நவேல் வீட்டுச் சன்னலில் மூன்று நாள் நின்றேன்.
(வகுப்பில் எனக்கு முன் இருக்கை,
கழுத்தில் மச்சம்.)
அவன் குறட்டை விடுவதில்லை.
அதையும் பதிவு செய்து வைத்திருக்கிறேன்:
நான்கு நிமிடம், மின்விசிறி மட்டும்.

முப்பதாவது அப்பா. சுவர் வழியாகவே கிடைத்தார்.
அம்மாவுக்காகத்தான் கொல்லைப்பக்கம் சுற்றி வந்து
சமையலறைச் சன்னலுக்குக் கீழே குந்தினேன்.
குறட்டை கேட்கவில்லை.
சீட்டு கலைக்கிற சத்தம்.

வாளித் தண்ணீரில் இரண்டு காலையும் விட்டு
பாவாடையை முட்டிக்கு மேல் சுருட்டிக்கொண்டு
தனியாக ஆடிக்கொண்டிருந்தாள்.
ஒரு சீட்டை எடுத்தாள். பிடிக்கவில்லை.
சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு
அதைக் கட்டின் நடுவே செருகினாள்.
தன்னைத்தானே ஏமாற்றுகிறவள்
எதற்குச் சுற்றுமுற்றும் பார்க்க வேண்டும்?

பார்த்ததில் நான் அகப்பட்டேன்.

தினமுமா? என்றேன், உதட்டை மட்டும் அசைத்து.
நீ பிறக்கும் முன்பிருந்து, என்றது அவள் உதடு.

குதிகாலால் வாளியைக் கொஞ்சம் என் பக்கம் தள்ளினாள்.
தண்ணீர் ஏற்கெனவே சூடாகியிருந்தது.
ஆளுக்கொரு காதில் ஒயரை மாட்டிக்கொண்டோம்.
டிராக்டர் கிளம்பும் முன்பே, எவரிஸ்தோ என்றாள்.
ஓல்காவைச் சொன்னாள், இரண்டு போலீஸையும் பெயரோடு சொன்னாள்,
பாதிரியார் உயிர்த்தெழுந்தபோது
மேசை விளிம்பைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

பிறகு நவேல் வந்தான்.
தள்ளிவிடலாம் என்று விரலை நீட்டினேன்.
கையைப் பிடித்துக்கொண்டாள்.
நான்கு நிமிடமும் கேட்டாள்.
ஒன்றும் கேட்கவில்லை என்னிடம்.
விசிறிக்கு எண்ணெய் போடச் சொல்லு, என்றாள் கடைசியில்,
போட்டிருந்த ஆட்டத்தை அப்படியே கலைத்தபடி.

மணி மூன்று பத்து.
ஐந்தாக இன்னும் நிறைய இருந்தது.