வரிசை நகரும் வரை

சாம்பல் குளம் தாண்டினால் மரம் இல்லை.
அனல்மின் நிலையம் துப்பியது காய்ந்து காய்ந்து
கண்ணுக்கெட்டிய தூரம் வெளுத்த தரை.
காற்றடித்தால் எழுந்து நடக்கும்.
எண்ணூரில் நின்றுகொண்டு பாலைவனம் என்று சொல்ல
எனக்கே கூச்சம்தான்,
ஆனால் ஒட்டகம் மட்டும்தான் குறை.
அதற்கும் பதிலாக டிரெய்லர்கள்,
முட்டி மடக்கி, ஒன்றன் பின் ஒன்றாக,
துறைமுகக் கேட் வரை நாலு கிலோமீட்டர்.

அந்த வரிசையின் இடுப்பில் இருக்கிறது
பல்கீஸின் ஓட்டல்.
போர்டில் 1946 தெரிகிறது.
பெயர் இருந்த இடத்தைச் சாம்பல் தின்றுவிட்டது.
உப்பு வண்டிக்காரர்களுக்குக் கஞ்சி ஊற்றிய கொட்டகை,
பிறகு டீ, பிறகு பரோட்டா,
பிறகு எவனோ ஒருத்தன்
காலி டின்னைக் கவிழ்த்துத் தட்டப்போக
சனிக்கிழமை ராத்திரிகளில் கானா.

பன்னிரண்டு வருஷமாக நான் எடைமேடையில்.
கண்ணாடி ஓட்டை வழியாகச் சீட்டு வரும்,
சீட்டில் சால்னாக் கறை வரும்,
கூடவே சிலர் வாயில் ஒரு பாட்டு வரும்.
இரண்டு வரி. அதற்கு மேல் கிடையாது.
"மீதி?" என்பேன்.
"அதுக்குள்ள வண்டி நவுந்துடுச்சு மேடம்."

மீதியைக் கேட்கத்தான் போனேன்,
போன சனிக்கிழமை, ஷிப்ட் முடிந்து, நடந்தே.
பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார்கள்.
டம்ளரை உள்ளங்கையால் மூடித்
தண்ணீர் குடிப்பது எப்படி என்று
நாமக்கல்காரர் ஒருவர் செய்து காட்டினார்.
மூடு, தூக்கு, விலக்கு, குடி, உடனே மூடு.

டில்லிபாபுவுக்குப் பகலில் பஞ்சர் வேலை.
நகக்கண்ணில் ரப்பர் கறுப்போடு மைக்கைப் பிடித்தார்.
சேட்டு டோலக்கை மடியில் இழுத்துக்கொண்டார்.
ஞானராஜ் புல்புல்தாராவின் பொத்தான்களை
டைப்படிப்பது போலத் தேட,
விசாகப்பட்டினத்தில் பீடி வாங்க இறங்கி
வண்டியை விட்டுவிட்ட கிளீனர் பையனின் கதை ஆரம்பித்தது.
ஓடுகிறான், ஓடிக்கொண்டே இருக்கிறான்,
ஊருக்கு ஒரு வரியாக.

நெல்லூரு சோறு தின்னான்
நின்னுகினே கிளீனரு,
சூளூர்பேட்டை சுங்கத்துல
சொணங்கிப்புட்டான் கிளீனரு

வெளியே ஓர் ஏர்பிரேக் பெருமூச்சு விட்டது.
ஒருவர் எழுந்தார். பிறகு எட்டுப் பேர்.
பாதிப் பரோட்டாவைப் பேப்பரில் சுருட்டிக்கொண்டு
நாமக்கல்காரரும் ஓடினார்.
யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. டோலக் தடுமாறவில்லை.
காலி பெஞ்சுகளுக்கு முன்னால்
தடா வந்தது, கும்மிடிப்பூண்டி வந்தது,
அத்திப்பட்டு வந்தது.

அங்கே நின்றுவிட்டது.

அதே வரியை மூன்று தரம் சுற்றினார்.
பிறகு என்னைப் பார்த்தார்.
"நீ கெளம்பலியா?"
"எனக்கு வண்டி இல்ல."
"இத்தினி வருசத்துல இம்மாந்தூரம் யாரும்
குந்தினதில்லம்மா. இதுக்கு மேல பாட்டே கெடையாது."

ஞானராஜின் விரல் பொத்தான்மேல் காத்திருந்தது.
எனக்குக் கவிதை தெரியாது. தெரிந்ததைச் சொன்னேன்:
"எடை போட்டா அம்பது கிலோ கொறையும்.
ஆளு ஏறலன்னு அங்கதான் தெரியும்."

ஒரு நொடி. சேட்டு முதலில் சிரித்தார்.
பிறகு டில்லிபாபு கண்ணை மூடினார்.

எடைமேடை கேக்குதப்பா
அம்பது கிலோ எங்கேன்னு

முனிரத்தினம் மாஸ்டர்
தோசைத்திருப்பியால் கல்லில் ஓங்கி ஒரு அடி.
முடிந்தது.
பல்கீஸ் என்னிடம் டீக்குக் காசு வாங்கினார்,
சில்லறை பாக்கி வைக்காமல்.

திங்கட்கிழமை ஒரு நெல்லூர் வண்டி ஏறியது.
டிரைவர் முணுமுணுத்துக்கொண்டிருந்தான்,
சூளூர்பேட்டை வரை.
நான் வாயைத் திறக்கவில்லை.
பக்கத்து சீட்டில் கிளீனர் பையன் தூங்கிக்கொண்டிருந்தான்,
கதவோரம் கால் நீட்டி.
சிவப்பு எண்கள் ஆடி ஆடி நின்றன.
எழுதினேன். கையெழுத்துப் போட்டேன்.
எடை சரியாக இருந்தது.