அரை மாத்திரை

களியக்காவிளை பஸ் நிலையத்துக்கு எதிரே மருந்துக்கடை.
பத்தில் மூன்று கேட்பார்கள், பதினைந்தில் ஏழு.
அட்டையில் ஓட்டை வரிசை இருக்கும்,
கத்தரி தானாகப் போகும்.

ஆங்கிலச் சொல்லில்
அந்த ஓட்டை வரிசையை யாரும் போட்டுத் தரவில்லை.

ஞாயிறுதோறும் பாறசாலை. கால் மணி நேரம் பஸ்,
அதற்குள் ஒரு மாநிலம் முடிந்திருக்கும்.
லிஜி மிஸ், என்னைவிட ஆறு வயது இளையவள்,
சாக்பீஸால் சொல்லைக் கிழிப்பாள்:
நெட்டுயிர் என்றால் அங்கேயே வெட்டு, ஃபீ-வர்.
குட்டை உயிர் என்றால்
ஒரு மெய்யைப் பிடித்துவைத்துக்கொண்டு வெட்டு, ரிவ்-அர்.
'இது நேரசைதானே மிஸ்' என்றேன்.
'அது எந்தா சேச்சி?' என்றாள்.

தாடைக்கு அடியில் கையை வைத்துக்கொள்ள வேண்டும்.
தாடை எத்தனை முறை இறங்குகிறதோ அத்தனை அசை.
கம்ஃபர்டபிள், நான்கு என்றேன்.
மூணேயுள்ளூ.
நடுவில் ஓர் எழுத்து
டிக்கெட் எடுத்து ஏறி
கடைசி நிறுத்தம் வரை வாயே திறக்காது.

மருந்துப் பெட்டியில் தினமும் பார்க்கிற சொல், ஸ்ட்ரெங்த்.
எட்டு எழுத்து. ஷேர் ஆட்டோவில் போல
ஏழு மெய் நெருங்கி உட்கார்ந்திருக்க
உயிர் ஒன்றே ஒன்று.
அதை வெட்டக்கூடாது என்பது விதி.

என் தொல்லை வேறு.
மில்க்கு. பெட்டு. ப்ளட்டு.
'ஆ உகாரம் வேண்டா' என்று
மூன்று வாரமாகச் சொல்கிறாள்.
பத்தாம் வகுப்பில் பதினாறு மதிப்பெண்ணுக்குப் படித்தது:
வல்லினத்தின் மேல் ஏறி வந்து
ஒரு மாத்திரையில் பாதியாகக் குறைந்துபோகும் உகரம்.
குறையத் தெரிகிறது அதற்கு,
ஒழியத் தெரியவில்லை.

வகுப்பு முடிந்து தட்டுக்கடையில்
லிஜி மிஸ் கேட்டாள்:
'ரண்டு கட்லட்டு, ஒரு பாக்கெட்டு பிஸ்கட்டு.'
நான் டீயைக் குடித்தேன்.

செவ்வாய் திருவனந்தபுரத்தில் பேச்சுத் தேர்வு.
தேறினால் ஏதோ ஒரு குளிர் ஊரின் வார்டில்
யாரோ ஒருவரிடம் ஹவ் ஆர் யூ கேட்பேன்,
மூன்று அசை, வம்பில்லை.

ஒன்பதரைக்கு ஷட்டர் பாதி இறங்கியபோது
லாரியை அணைக்காமல் ஒருவர் இறங்கி வந்தார்.
பிரஷர் மருந்து. சீட்டில் அரை என்று இருந்தது.
முழுதாகக் கொண்டுபோங்கள், அங்கே உடைத்துக்கொள்ளலாம் என்றேன்.
'பாதி போரும்.'

பிளேடை எடுக்கப் போன கை
தாடைக்குக் கீழே நின்றது.
பா. தி. போ. ரும்.
நாலு.