அண்டு சன்ஸ்

பழையபேட்டை அமீர்ஜான் கடையில்
பித்தளை எடைக்கு வாங்கியது.
முந்நூற்றைம்பது கிராம், இருநூறு ரூபாய்.
"டைனமோ மூடி மாதிரி இருக்கு,
இதை வெச்சு என்னம்மா பண்ணுவே?"
கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினேன்.
மழைக்கு முந்தைய ராத்திரியின் சுவர்க்கோழி
தராசுத் தட்டில் உட்கார்ந்து கத்தியது.

தூண்டில் ரீல்.
ஒகேனக்கல் பாறையில் நின்று எவனோ ஒரு துரை
நரம்பு நுனியில் இறகைக் கட்டி
பெருங்கெண்டையிடம்
இது ஈ என்று பொய் சொன்ன நாளில்
அவன் இடுப்புயரத்தில் இருந்தது.

எனக்கு வேலை ஓசூர் சிப்காட்டில்.
கடைந்து வரும் புஷ்ஷை மைக்ரோமீட்டரில் அளந்து
தேறினால் ஓரத்தில் பஞ்ச் அடிக்க வேண்டும்.
என் எண் பதினேழு.
எந்த ஊரில் எந்த வண்டிக்குள்
பதினேழு சுழல்கிறதென்று
யாரும் வந்து சொன்னதில்லை.

அதனால் முத்திரை என்றால் விடமாட்டேன்.

முதலில் பாதம்: கம்பில் உட்காரும் நீளத் தகடு.
ஒரு நுனியில் மட்டும் அரம் ஓடியிருக்கிறது.
வேறு கம்புக்கு மாறியபோது
யாரோ அவசரத்தில் தேய்த்தது.
பிறகு முகம்.
தேய்ந்த எழுத்தை நேரே பார்த்தால் எழுத்து வராது,
டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைக்க வேண்டும்.
குட்டிக்கூரா பவுடரை விரலில் தொட்டுத் தேய்த்து
மெல்ல ஊதினேன்.
முட்டை வடிவில் ஒரு கோடு,
கோட்டுக்குள் 'அண்டு சன்ஸ்'.
அப்பன் பெயர் தேய்ந்துவிட்டது.
பிள்ளைகள் மட்டும் மிச்சம்.
கீழே பேட்டன்ட் எண்,
கடைசி இலக்கம் மூன்றோ எட்டோ.

பெங்களூர் குஷாலப்பா போனில் மூச்சு விடாமல் கேட்டார்.
மூன்று என்றால் ஐயாயிரம், எட்டு என்றால்
நீங்கள் கேட்பதைத் தருகிறேன்.
எங்கே, ஒரு தடவை சுற்றுங்கள்.
சுற்றினேன்.
"அதுதான்! அந்தச் சத்தம்!
அந்தக் கம்பெனிக்காரனைத் தவிர
எவனுக்கும் வராது."

எந்தக் கம்பெனி என்று நான் கேட்கவில்லை,
அவரும் சொல்லவில்லை.

ராத்திரி நடுத்திருகைக் கழற்றினேன்.
எள்ளுப் பிண்ணாக்கு போல் பழைய கிரீஸ்.
மண்ணெண்ணெயில் துடைக்கத் துடைக்க
அரிசியில் பாதி அளவுக்கு ஓர் எழுத்து,
பஞ்சில் அடித்தது.
இப்படிப் பிடித்தால் எம், அப்படிப் பிடித்தால் டபிள்யூ.
கோத்து முடித்தவனின் அடையாளம்,
கூலிக் கணக்குக்காரனுக்கு மட்டும் புரிந்தது.
அந்த ஊர்ப் பதினேழு.

அதற்குப் பக்கத்தில்
ஆணியால் கீறிய 'மு'.

மு-வின் அடியில்
கடிகார ஸ்பிரிங்கை வெட்டி, வளைத்து,
இரண்டு ரிவெட்டில் இறுக்கிய வேலை.
பழைய ஸ்பிரிங் எப்போதோ உடைந்திருக்க வேண்டும்.
முனியனா, முகம்மதா, முத்தம்மாவா
என்று கொஞ்ச நேரம் ஓடியது மனம்.
தகட்டைக் கழற்றித் தலைகீழாகப் போட்டேன், சிக்கியது.
மு மேலே வரும்படி போட்டேன், பாடியது.
அட,
பெயரே இல்லையோ?
'முன்பக்கம்' என்று
அடுத்துக் கழற்றப் போகிறவருக்கு
ஒரு வார்த்தை மிச்சம் வைத்ததோ?

குஷாலப்பாவுக்குப் படம் அனுப்பினேன்.
அந்தக் கீறலை பஃபிங்கில் எடுத்துவிடுங்கள்,
ஒரிஜினல் ஸ்பிரிங் நான் வரவழைக்கிறேன் என்றார்.
நீங்கள் கேட்டது அந்த ஸ்பிரிங்கின் சத்தம்தான் என்றேன்.
லைனில் காவிரி ஓடுவது போல ஒரு இரைச்சல்.
பிறகு கேட்டார்,
"அது இருக்கட்டும்,
மூன்றா எட்டா?"

திங்கட்கிழமை முதல் ஷிப்ட்.
ரீல் டிபன் பைக்குள், மு மேலே பார்த்தபடி.
பஸ் சூளகிரி மேட்டில் குலுங்கும்போதெல்லாம்
பக்கத்து சீட்டுக்காரி குனிந்து
காலடியில் பூச்சி தேடுகிறாள்.