ஓட்டத்தில்

டாக்டர் தியோ தாளில் ஓர் இதயம் வரைந்தார்.
மாங்காய் போல இருந்தது; சொல்லவில்லை.
மலாயில் அவர் சொன்னதைத்
தாதி கோகிலவாணி தமிழில் சொன்னாள்:
"மூணு அடைப்பு, அங்கிள். இதயத்த நிறுத்த மாட்டாங்க.
ஓடிக்கிட்டு இருக்கும்போதே தைப்பாங்க."

நான் மில்லில் பிட்டர். முப்பத்தொரு வருஷம்.
ஓடும்போதே என்றால் என்னவென்று
எனக்கு யாரும் விளக்க வேண்டாம்.
குலை குவியும் மாதங்களில்
லோரிகள் பகாவ் சாலைவரை வரிசை கட்டி நிற்க,
கன்வேயரை நிறுத்தாமல் செயின் பூட்டியிருக்கிறேன்.
மேனேஜருக்கு அப்போது பார்த்து டெலிபோன் வரும்.

நகமில்லாத மோதிரவிரலைத் தூக்கிக் காட்டினேன்.
"டாக்டருக்கு எத்தன விரல்ல நகம் இருக்குன்னு கேளும்மா."
அவள் தயங்கினாள்.
அவருக்கே புரிந்துவிட்டது.
பத்தையும் விரித்துக் காட்டினார்.
கையெழுத்துப் போட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததில் நான் இல்லை.
பக்கத்து வீட்டுச் சண்டையைப் போல
கேட்டுத் தெரிந்துகொண்டதுதான்.

காலிலிருந்து ஒரு நீள நரம்பு,
நெஞ்சுச் சுவரிலிருந்து ஒரு குழாய்.
உறிஞ்சிப் பிடிக்கும் கருவி ஒன்று
தைக்கிற இடத்தை மட்டும், இருபது சென் காசு அகலம்,
அசையாமல் வைத்ததாம்.
சுற்றிலும் மற்றதெல்லாம் துள்ளியபடி.
தொண்டைக்குள் விட்ட இன்னொரு குழாய்
உள்ளிருந்து வேவு பார்த்தது.
(எனக்கு நினைவிருப்பது அந்தத் தொண்டை வலி மட்டும்.)

முன்பக்கம் சுளுவாக முடிந்தது.
பின்பக்கத்துக்கு இதயத்தைத் தூக்கி நிமிர்த்த வேண்டும்.
தூக்கினார்கள்.
பிரஷர் தொண்ணூறு. எழுபது. ஐம்பத்தெட்டு.
நிரம்பினால்தானே தள்ளும்?
மூலையில் பெரிய பம்பு தயாராக நின்றது,
பக்கத்தில் ஒரு பையன், சுவிட்சைப் பார்த்தபடி.

டாக்டர் ஊசியைக் கீழே வைத்தாராம்.
இதயத்தை அதன் குழியில் திரும்பக் கிடத்தி,
தலைப்பக்கம் மேசையைத் தாழ்த்தச் சொல்லி,
காத்திருந்தாராம்.
நான்கு நிமிடம்.
ஒன்பது பேர் சும்மா நின்றார்களாம்,
அது கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ளட்டும் என்று.

பிறகு தூக்கினார்கள், மெதுவாக.
தாங்கியது.

மூன்று குழாயும் நன்றாக ஓடுகின்றன.
அந்த நான்கு நிமிடம்தான் எனக்குச் செரிக்கவில்லை.
நகம் போன அன்று துணியைச் சுற்றிக்கொண்டு
ஷிப்டு முடித்துவிட்டுத்தான் கிளினிக் போனேன்.

இது பதினோராம் வாரம்.
பெருமாயி இரவில் என் முதுகில் காது வைக்கிறாள்.
நெஞ்சில் வைக்கப் பயம்.
"முன்ன மாதிரி இல்ல."
"பின்ன எப்படி?"
"தெரியல. வாடக கட்டிட்ட ஆளு மாதிரி."

எக்கோவில் முப்பத்தெட்டு, நாற்பத்தாறு ஆகியிருக்கிறது.
நூறு எப்போது வரும் என்று கேட்டேன்.
யாருக்குமே நூறு கிடையாதாம்;
அறுபது தள்ளினாலே முழு ஆளாம்.
பள்ளிக்கூடத்தில் இதை யாரும் சொல்லவில்லை.

நேற்று கோப்பிக் கடையில் ஷஃபிகுல் போன் அடித்தான்.
பேரிங் கத்துகிறதாம்.
ஓட்டிக்கொண்டே பார்க்க முடியுமா என்று
மேனேஜர் கேட்கச் சொன்னாராம்.
"நிறுத்து" என்றேன்.
அந்தப் பக்கம் ஒரே இரைச்சல்.
கேட்டதோ என்னவோ.

மோட்டார் சைக்கிள் இன்னும் ஓட்டக் கூடாது.
மில்லுக்கு இரண்டு கிலோமீட்டர்.
நடந்தேன்,
இரண்டு விளக்குக் கம்பத்துக்கு ஒருமுறை நின்று.
செம்பனை லோரிகள் என்னைத் தாண்டிப் போயின.
ஒன்றும் வேகத்தைக் குறைக்கவில்லை.