இரண்டாம் பக்கத் திருத்தம்

மைனஸ் பன்னிரண்டு என்று அச்சிட்டிருந்தோம்.
அன்று காலை குவோப்பியோவில் மைனஸ் இருபத்திரண்டு.
வெல்லமோ ஹார்திகைனென்
பேப்பரை என் மேசையில் விரித்து
பென்சிலால் முதலில் அதைத்தான் சுழித்தார்.
அவர் பூட்ஸிலிருந்து உருகிய பனி
என் நாற்காலிவரை ஓடி வந்தது.

அடுத்து பேருந்து நிறுத்தம்.
ஏரிப் பக்கம் அல்ல, தேவாலயப் பக்கம்.
அடுத்து வண்டி.
லாரி அல்ல, பனி தள்ளும் டிராக்டர்.
நிறுத்தத்தின் கண்ணாடி உடைந்தது உண்மை.
யாருக்கும் காயமில்லை, அதுவும் சரி.
நாலாவதாக,
தலைப்புக்குக் கீழே இரண்டாம் வரி.

அங்கே நாங்கள் போட்டிருந்தது
இருபது வருடமாக யாரும் கூப்பிடாத ஒரு பெயர்.
பக்கத்தில் ‘ஆண்’ என்று ஒரு சொல்.

அந்தத் தலைப்பு என் கைவேலை.

எங்கள் மொழியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்.
அதில் அவன் கிடையாது, அவள் கிடையாது.
ஹேன். ஒரே சொல்.
பிஷப்புக்கும் மருத்துவச்சிக்கும்
நேற்றுப் பிறந்ததற்கும் அதுவேதான்.
சும்மா எழுதியிருந்தாலே போதும்,
மொழி தானாகவே மரியாதையாக நடந்திருக்கும்.
நாங்கள் பாடுபட்டு
நாலு இடத்துக்குப் போன் போட்டு
பழைய பதிவேட்டைத் தேடி எடுத்து
அந்தப் பிழையைச் செய்தோம்.

ஆசிரியர் எய்னோ வந்தார். கண்ணாடியைத் துடைத்தார்.
வெப்பநிலை தவறு, நிறுத்தம் தவறு, வண்டி தவறு.
நாளைக்கே திருத்தம் போடுகிறோம் என்றார்.
நாலாவது விஷயத்தில் மட்டும்
பல கருத்துகள் இருக்கின்றனவாம்.
டிராக்டரைப் பற்றி
யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

வெல்லமோ ஓட்டுநர் உரிமத்தை எடுத்து
மேசைமேல் வைத்தார்.
பேசவில்லை.
காபி ஆறிக்கொண்டிருந்தது.

ஒரு வாரம் இழுத்து, நாலாவதும் வந்தது.
இரண்டாம் பக்கம், லாட்டரி எண்களுக்குக் கீழே.
‘இன்னார் என்று தவறாகக் குறிப்பிட்டிருந்தோம்.’
இன்னார் என்று நான் இங்கே எழுதிய இடத்தில்
அந்தப் பழைய பெயரை
முழுசாக மறுபடியும் போட்டிருந்தோம்.
அதையும் நான்தான் சரிபார்த்தேன்.
எழுத்துப்பிழை ஒன்றுமில்லை.

புகார் பத்திரிகை மன்றத்துக்குப் போனது.
ஏரி உறைந்தே கிடந்தது,
அப்புறம் ஒரு நாள் உடைந்தது.

மே மாதம் எங்கள் இளம் நிருபர் ஐலி
பரிகாரம்போல ஒரு முழுப் பக்கம் எழுதினார்.
‘இருளைத் தள்ளும் வீராங்கனை.’
சமையலறையில் கண்ணீர்,
ஜன்னலில் ஒற்றை மெழுகுவர்த்தி, தனிமை.
நல்ல மனசோடு எழுதியது.
நான் ஒரு காற்புள்ளியைக்கூடத் தொடவில்லை.

மறுநாள் காலை போன்.
‘நான் அழவில்லை. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.
தனியாகவும் இல்லை. பக்கத்து அறையில் மார்யுக்கா,
டீவியில் ஹாக்கி, வீடே அதிரும் சத்தம்.
மெழுகுவர்த்தியா? மே மாதத்திலா?
ராத்திரி பத்து மணிக்கு வெளியே பேப்பர் படிக்கலாம்,
படிக்கிற மாதிரி பேப்பர் இருந்தால்.’

கொஞ்ச நேரம் இருவரும் சும்மா இருந்தோம்.
திருத்தம் போடலாமா என்று கேட்டேன்.
‘எந்தப் பக்கத்தில்?’ என்றார்.
சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை.
சிரித்தார் என்று எழுதமாட்டேன்.

தீர்ப்பு ஆகஸ்டில் வந்தது, காளான் பறிக்கிற நாட்களில்.
எங்களுக்குக் கண்டனம்.
மன்றத்தில் மூன்று பேர் ஒத்துக்கொள்ளவில்லை.
அவர்கள் எழுதிய மாற்றுரை
தீர்ப்பைவிட நீளம்.
இரண்டையும் வெளியிட்டோம்.
சந்தா நிறுத்தியவர்கள் இரண்டு கட்சியிலும் இருந்தார்கள்.

மறுபடி குளிர் வந்துவிட்டது.
இப்போதெல்லாம் வானிலைப் பெட்டியை மூடுவதற்கு முன்
படியிறங்கி வெளியே போய்
கம்பத்தில் தொங்கும் வெப்பமானியைப் பார்க்கிறேன்.
விடிகாலை நாலு மணிக்கு
ஆரஞ்சு விளக்கு சுழல ஒரு டிராக்டர் திரும்பும்.
உள்ளே யாரென்று தெரியாது.
கை தூக்குவேன். சிலசமயம் விளக்கு மினுங்கும்.

மைனஸ் பத்தொன்பது.
இரண்டு தரம் பார்த்துவிட்டேன்.